வடபழனி மாடி ஜாவா வகுப்பு: கெட்டுப்போன ஃபைல்களோடு 8 ஞாயிற்றுக்கிழமை

ஆண்டர்சன் தெருவில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் 12 வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். கடையின் ஆர்டர் புரோகிராம் நானே ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் புரோகிராம் காலையிலிருந்து ராத்திரி 8 மணி வரை 17 ஆர்டர்களுக்கு ‘சேமிக்கப்பட்டது’ என்று காட்டியது. அதில் ஒன்றுகூடச் சேமிப்பாகவில்லை. மறுநாள் காலையில் திறந்தால் பட்டியல் வியாழக்கிழமையோடு நிற்கிறது.

கடை முதலாளி அண்ணாச்சியின் மகன் வெள்ளிக்கிழமை காலையில் ஆர்டர்கள் சேமிக்கப்படும் ஃபைலை எக்செல்லில் திறந்து பார்த்துவிட்டு, மூடாமல் கீழே சுருக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எக்செல் பிடித்து வைத்திருக்கும் ஃபைலில் வேறு புரோகிராம் எழுத முடியாது. ஜாவா ஒவ்வொரு முறையும் எக்செப்ஷன், அதாவது தப்பு நடந்தது என்ற அறிவிப்பு, போட்டுச் சொல்லியிருக்கிறது. என் புரோகிராமில் அதைப் பிடிக்கிற கேட்ச் பிளாக் என்ற பகுதி காலியாக இருந்தது. பிடித்துக் கீழே போட்டுவிட்டு, அடுத்த வரியில் ‘சேமிக்கப்பட்டது’ என்று நான் எழுதி வைத்த செய்தியைக் காட்டிக்கொண்டே இருந்தது. கடை மூடும்போது கம்ப்யூட்டரை அணைத்தோம். நினைவில் இருந்த 17 ஆர்டரும் அதோடு போயின.

கார்பன் பில் புக்கை வைத்து இரண்டு நாளில் எல்லாவற்றையும் மீட்டேன். ஆனாலும் ஒரு பார்ட்டியின் 400 பத்திரிகை சிவகாசியிலிருந்து நான்கு நாள் தாமதமாக வந்தது. பெண்ணின் அப்பா கடை வாசலில் நின்று எதுவும் பேசாமல் கட்டை வாங்கிக்கொண்டு போனார். அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. “நோட்டு எரிஞ்சாக்கூட சாம்பல் கெடக்கும்மா. இதுல என்ன போச்சுன்னே தெரியலையே” என்றார். அந்த ஒரு சொல்தான் என்னைத் திரும்ப வகுப்புக்கு அனுப்பியது.

திரும்ப என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் வேறொரு இடத்தில் 10 வாரம் ஜாவா படித்தேன். அங்கே எக்செப்ஷன் பாடம் மொத்தமே முக்கால் மணி நேரம். ‘சிவப்புக் கோடு வந்தா எடிட்டர்ல க்ளிக் பண்ணுங்க, ட்ரை கேட்ச் தானா வரும்’ என்று சொல்லி முடித்துவிட்டார்கள். நானும் அப்படியே செய்தேன். ஓட்டும் முன் புரோகிராமைச் சரிபார்க்கிற கம்பைலர் அடங்கிவிட்டால் புரோகிராம் சரியாகிவிட்டது என்று நம்பினேன். என்னைப் போல அப்படி நம்பிக் கடைக்கும் ஆபீஸுக்கும் புரோகிராம் எழுதிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால்தான் இந்த விமர்சனத்தை எழுதுகிறேன்.

வகுப்பு நடப்பது வடபழனியில், முருகன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே முதல் மாடியில். போர்டு கிடையாது. விளம்பரம் வேண்டாம் என்று பாடம் நடத்தும் சார் சொல்வதால் பெயரைப் போடவில்லை. அந்த வட்டாரத்து ஜெராக்ஸ் கடைகளில் ‘ஞாயித்துக்கிழமை ஜாவா சார்’ என்றால் மாடியைக் காட்டுவார்கள். ஞாயிறு காலை 10 முதல் 1 வரை, 8 வாரம், 6,500 ரூபாய். இரண்டு தவணையாகக் கொடுக்கலாம். நான் தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் பச்சை லைனுக்கு மாறிப் போவேன். வண்டியில் வந்தவர்களுக்கு ஆற்காடு சாலையின் மெட்ரோ வேலையைத் தாண்டுவதற்குள் பாதி உயிர் போனது, நிறுத்தவும் இடமில்லை. ரயிலில் போவதே நல்லது.

ஜாவாவின் அடிப்படை, கிளாஸ் (விவரங்களையும் அவற்றை வைத்துச் செய்யும் வேலைகளையும் ஒன்றாகக் கட்டி வைப்பது), இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸிலிருந்து வம்சமாக இன்னொன்று வருவது) எல்லாம் முதல் நான்கு வாரம். அதை மற்ற இடங்களைப் போலத்தான் நடத்துகிறார், குறையில்லை, சிறப்பாகச் சொல்லவும் ஒன்றுமில்லை. ஐந்தாவது, ஆறாவது ஞாயிறுக்காகத்தான் இங்கே போக வேண்டும். அந்த ஆறு மணி நேரமும் ஃபைலும் எக்செப்ஷனும் மட்டுமே.

ஐந்தாவது ஞாயிறு காலையில் சார் ஆளுக்கொரு பென் டிரைவ் கொடுத்தார். உள்ளே ஒரு பட்டியல், அதில் ஆறு ஃபைல் பெயர்கள், ஆறும் கெட்டவை. ஒன்றுக்குப் பட்டியலில் பெயர் இருக்கும், ஃபைல் இருக்காது. இன்னொன்று ரீட் ஒன்லி, படிக்கலாம், எழுத முடியாது. மூன்றாவது ஃபைல் போலப் பெயர் வைத்த ஃபோல்டர். நான்காவதில் நடுவே ஒரு வெற்று வரி. ஐந்தாவதில் எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ‘நானூறு’ என்று எழுத்தில் இருந்தது. ஆறாவது, யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துரு முறையில் சேமித்த தமிழ்ப் பெயர்கள். “ஒவ்வொண்ணையும் தொறந்து பாருங்க. ரீட் ஒன்லியில எழுதியும் பாருங்க. எது என்ன பேர் சொல்லிக் கத்துதுன்னு எழுதிக் கொண்டாங்க. சரி பண்ண வேணாம்” என்றார்.

மூன்று மணி நேரத்தில் நான் முன்பு 10 வாரத்தில் கற்றதைவிட அதிகம் கற்றேன். பழைய முறையில், அதாவது ஜாவாவோடு வரும் ஃபைல் ரீடர், ஃபைல் ரைட்டர் என்ற கிளாஸ்களைக் கொண்டு திறந்தால், முதல் மூன்றுக்கும் வந்தது ஒரே பெயர்: ஃபைல் நாட் ஃபவுண்ட் எக்செப்ஷன். ஃபைல் இல்லாவிட்டாலும் அதே பெயர், இருந்து அனுமதி இல்லாவிட்டாலும் அதே பெயர், அது ஃபோல்டராக இருந்தாலும் அதே பெயர். எக்செல் பிடித்து வைத்திருந்தாலும் இதே பெயர்தான் வரும் என்று சார் திறந்து காட்டினார். அடைப்புக்குள் இருக்கும் செய்தியைப் படித்தால்தான் ‘வேறொரு ப்ராசஸ் இந்த ஃபைலைப் பயன்படுத்துகிறது’ என்று தெரிகிறது. அந்த வெள்ளிக்கிழமை என் கேட்ச் பிளாக்கில் அந்தச் செய்தியைக் காட்ட ஒரு வரி இருந்திருந்தால், காலை 10 மணிக்கே எக்செல்லை மூடியிருப்பேன்.

அதே வேலையை 2011-ல் ஜாவா 7-ஓடு வந்த ஃபைல்ஸ் கிளாஸின் மெத்தட்களால் (கிளாஸ் செய்து தரும் வேலைகளால்) செய்தால், இல்லாத ஃபைலுக்கு நோ சச் ஃபைல் எக்செப்ஷன், அனுமதி இல்லாததற்கு ஆக்சஸ் டினைட் எக்செப்ஷன் என்று தனித்தனிப் பெயர் வருகிறது. இரண்டுமே, படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் தப்புகளுக்கான பொதுப் பெயரான ஐ.ஓ. எக்செப்ஷனின் வம்சம். கிளாஸ்களை வைத்துப் புரோகிராம் எழுதும் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் பாடத்தில் இன்ஹெரிட்டன்ஸ் என்று படம் போட்டுக் காட்டியதன் பயன் எனக்கு இங்கேதான் உறைத்தது. குறிப்பாகத் தெரிந்த தப்புக்குத் தனி கேட்ச், மற்றதுக்கெல்லாம் தாய் கிளாஸ் பெயரில் ஒரு கேட்ச். வரிசை மாறி தாய் கிளாஸை முதலில் எழுதினால், கீழே இருக்கிற குழந்தை கேட்சுக்கு எதுவுமே வந்து சேராது. கம்பைலரே அதைத் தப்பு என்று நிறுத்திவிடும்.

தமிழ் ஃபைலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலே பெயர்தான். மணமகன் பெயர், மணமகள் பெயர், குலதெய்வம், ஊர். ஃபைல்ஸ் கிளாஸ் யு.டி.எஃப். 8 என்ற யூனிகோடு முறையை எதிர்பார்த்துப் படிப்பதால், பழைய முறை ஃபைலைக் கொடுத்ததும் மால்ஃபார்ம்ட் இன்புட் எக்செப்ஷன் போட்டு நின்றுவிட்டது. பக்கத்தில் ஃபைல் ரீடரில் படித்தவருக்கு எந்தத் தப்பும் வரவில்லை; பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கிறுக்கல். எழுதும்போது இன்னும் மோசம். ஜாவா 18 வரும் முன், அதாவது 2022-க்கு முன், எந்த எழுத்து முறை என்று நாம் சொல்லாவிட்டால் விண்டோஸில் சிஸ்டத்தின் முறையே எடுத்துக்கொள்ளப்படும். அதில் தமிழுக்கு இடமில்லையென்றால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக ஃபைலில் விழும். எக்செப்ஷன் வராது. கடையின் பழைய கம்ப்யூட்டரில் ஜாவா 8 இருந்த காலத்தில் சில பெயர்கள் வெறும் கேள்விக்குறியாக வந்தது ஏன் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. அந்தக் கேள்விக்குறியிலிருந்து பெயரைத் திரும்ப எடுக்க முடியாது.

‘நானூறு’ ஃபைலில் ஒரு நல்ல விவாதம் நடந்தது. எண்ணாக மாற்றும்போது வருகிற நம்பர் ஃபார்மட் எக்செப்ஷனைப் பிடிக்கச் சொல்லி கம்பைலர் கட்டாயப்படுத்தாது, ரன்டைம் எக்செப்ஷன் வகை. ஆகவே முக்கால்வாசிப் பேர் புரோகிராம் அந்த வரியிலேயே நின்றது. மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, “தப்பு வரியை விட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிடலாம் சார்” என்றார். சார் கேட்டார்: “அந்த ஒரு வரி உங்க அக்கா கல்யாண ஆர்டரா இருந்தா?” தம்பி யோசித்துவிட்டு, தப்பான வரிகளை வரி எண்ணோடு தனிப் பட்டியலில் சேர்த்து, நல்ல வரிகளைப் படித்து முடித்தபின் மொத்தமாகக் காட்டலாம் என்று அவரே சொன்னார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். என் கடையில் இன்று ஓடுவதும் அதுதான்.

எக்செப்ஷனுக்குப் புத்தகத்தில் விதிவிலக்கு என்று தமிழ் இருக்கும். சாருக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. “விதிவிலக்குன்னா எப்பவாவது நடக்கிறதுன்னு தோணும். ஃபைல் விஷயத்துல இது தெனமும் நடக்கிறது. டிஸ்க் நெறையும், யாராவது பேர் மாத்துவாங்க, பென் டிரைவை நடுவுல புடுங்குவாங்க” என்றார். இருபது வருடத்துக்கு மேல் வங்கி மென்பொருளில் வேலை பார்த்தவர் என்பது அவர் பேச்சில் தெரியும்.

ஆறாவது ஞாயிறு முகூர்த்த நாள். கோயிலிலிருந்து நாதஸ்வரம் மாடி வரை கேட்டது, சார் பேசுவது கடைசி வரிசைக்கு எட்டவில்லை. (வெளியே நடக்கிற கல்யாணங்களில் எத்தனை எங்கள் கடைப் பத்திரிகையோ என்று என் மனசு போய்ப் போய் வந்தது.) அன்று அவர் செய்து காட்டிய ஒன்றை நான் மறக்கவே மாட்டேன்.

ஒரு சின்ன பென் டிரைவை முழுக்க நிரப்பி எடுத்து வந்திருந்தார். அதில் 30 வரி ஆர்டரை எழுதும் புரோகிராமை பஃபர்ட் ரைட்டர் கொண்டு ஓட்டினார். எழுதுகிற 30 வரியும் எந்தத் தடையும் இல்லாமல் தாண்டியது. கடைசியில் ரைட்டரை மூடும்போது இடமில்லை என்று ஐ.ஓ. எக்செப்ஷன் வந்தது. எழுதும்போது வராமல் மூடும்போது ஏன்? அதன் பஃபர் என்ற தற்காலிக இடம் 8,192 எழுத்து வரை தன்னிடமே வைத்துக்கொள்ளும். அது நிரம்பினாலோ, ஃப்ளஷ் என்று நாம் சொன்னாலோ, மூடினாலோதான் டிஸ்குக்குத் தள்ளும். எங்கள் 30 வரி அந்த அளவைத் தொடவே இல்லை. ஆக, ‘சேமிக்கப்பட்டது’ என்று சொல்ல வேண்டிய இடம் ரைட்டரை மூடிய பிறகுதான். பிறகு அதே புரோகிராமில் பஃபர்ட் ரைட்டரை எடுத்துவிட்டு பிரின்ட் ரைட்டர் போட்டு ஓட்டினார். எக்செப்ஷன் வரவில்லை. ‘சேமிக்கப்பட்டது’ என்று வந்தது. பென் டிரைவில் ஃபைல் 0 பைட். பிரின்ட் ரைட்டரின் எழுதும் மெத்தட்கள் ஐ.ஓ. எக்செப்ஷனை வெளியே விடுவதே இல்லை. செக் எரர் என்ற மெத்தடை நாமாகக் கூப்பிட்டுக் கேட்டால்தான் ‘ஆமாம், தப்பு நடந்தது’ என்று சொல்லும். அந்த 0 பைட்டைத் திரையில் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் கடைப் புரோகிராமில் இருந்ததும் பிரின்ட் ரைட்டர்தான். எக்செல் இல்லாவிட்டாலும் என்றைக்காவது டிஸ்க் நிறைந்து இதே கதி வந்திருக்கும்.

ட்ரை வித் ரிசோர்சஸ் எழுதும் முறையை இதற்குப் பிறகுதான் சொல்லிக் கொடுத்தார். இதுவும் ஜாவா 7-ல் வந்ததுதான். ரைட்டரை ட்ரையின் அடைப்புக்குள்ளேயே திறந்தால், உள்ளே என்ன நடந்தாலும் ஜாவாவே மூடிவிடும். ஃபைனலி பிளாக்கில் நாமே மூடும் பழைய முறையில் ஓர் ஆபத்து உண்டு: எழுதும்போது ஒரு தப்பு, மூடும்போது இன்னொரு தப்பு என்றால், இரண்டாவது வந்து முதலாவதை மறைத்துவிடும். புது முறையில் முதல் தப்பே வெளியே வரும், இரண்டாவது அதனுடன் ஒட்டிக்கொண்டு வரும், கெட் சப்ரெஸ்ட் என்று கேட்டு எடுக்கலாம். முடிச்சின் மேல் முடிச்சாக வருகிறபோது முதல் முடிச்சு எது என்று தெரிவது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது இரவு 9 மணிக்குக் கடையில் தனியாக உட்கார்ந்து தேடியவர்களுக்குத் தெரியும்.

கரண்ட் போனால் என்ன என்று நான் கேட்டேன். “அதுக்கு எக்செப்ஷன் கெடையாதும்மா. புடிக்கிறதுக்கு புரோகிராமே உயிரோட இருக்காதே” என்றார். ஃபைல் ரைட்டர் திறந்த மாத்திரத்தில் பழைய ஃபைலைத் துடைத்துவிடும். துடைத்ததற்கும் எழுதி முடிப்பதற்கும் நடுவில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அதனால் பக்கத்தில் வேறு பெயரில் முழுதாக எழுதி, டிஸ்கில் இறங்கியதை ஃபோர்ஸ் என்ற மெத்தட் கொண்டு உறுதி செய்து, மூடி, அப்புறம் அட்டாமிக் மூவ் (பாதியில் நிற்காமல் ஒரே மூச்சில் மாற்றுவது) சொல்லிப் பழைய பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது தப்பு வந்தால்கூடப் புது ஃபைல் பத்திரமாகப் பக்கத்தில் இருக்கும். அண்ணாச்சி சொன்ன சாம்பல் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைய கடைசி முக்கால் மணி நேரம் கிளாஸ் அமைப்பு. என் புரோகிராமில் கவுன்ட்டர் திரைக்கான கிளாஸே நேராக ஃபைலைத் திறந்து எழுதியது. சார் அதைப் பார்த்துவிட்டு, “கவுன்ட்டர்ல நிக்கிற பொண்ணு ஐ.ஓ. எக்செப்ஷனை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவா?” என்று கேட்டார். ஆர்டர்களைக் காப்பதற்கென்று தனி கிளாஸ் எழுதச் சொன்னார். ஃபைல், எழுத்து முறை, பெயர் மாற்றம் எல்லாம் அதற்குள் அடங்கும். உள்ளே ஐ.ஓ. எக்செப்ஷன் வந்தால், அதைப் பிடித்து, ‘ஆர்டர் சேமிக்கவில்லை’ என்ற நம்முடைய சொந்த எக்செப்ஷனாக, எந்தப் பார்ட்டி, எந்த ஃபைல் என்ற விவரத்தோடு வெளியே எறிய வேண்டும். எறியும்போது மூல எக்செப்ஷனையும் காரணமாக உள்ளே வைத்துக் கொடுக்க வேண்டும். அதை விட்டால் மறுபடி குருட்டுத் தேடல்தான். நாளைக்கு ஃபைலை விட்டு டேட்டாபேஸுக்கு மாறினாலும் கவுன்ட்டர் கிளாஸில் ஒரு வரி மாற்ற வேண்டாம்.

குறைகளையும் சொல்கிறேன். 11 பேருக்கு 8 கம்ப்யூட்டர். லேப்டாப் கொண்டு போகாதவர்கள் பகிர வேண்டியிருக்கும். வெயில் நாளில் அந்த மாடி கொதிக்கிறது, ஏ.சி. இருந்தும் பயனில்லை. நோட்ஸ் சாரின் கையெழுத்து ஜெராக்ஸ், சில பக்கம் படிக்கவே முடியவில்லை. ஒரு ஞாயிறு போகாவிட்டால் அது போனதுதான், திரும்ப நடத்த மாட்டார், வீடியோவும் கிடையாது. ஐந்தாவது ஞாயிறு வராதவர்கள் ஆறாவதில் திண்டாடினார்கள். எக்செப்ஷனை லாக் ஃபைலில் (நடந்ததை வரிசையாகக் குறித்து வைக்கும் ஃபைலில்) எழுதி வைப்பதற்கு வெறும் கால் மணி நேரம் ஒதுக்கினார். என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கு அதுதான் மறுநாள் காலை கையில் கிடைக்கும் ஒரே தடயம், இன்னும் ஒரு மணி நேரம் தந்திருக்க வேண்டும். கடைசி இரண்டு வாரம் திரை அமைப்புப் பாடம் ஓட்டமாக ஓடியது. வேலை வாங்கித் தருவார்களா என்று கேட்பவர்கள் போக வேண்டாம், அந்தப் பேச்சே அங்கு இல்லை. ஜாவாவே தெரியாதவர்களுக்கு முதல் நான்கு வாரம் வேகமாக இருக்கும். ஏற்கெனவே ஒரு புரோகிராம் எழுதி, அது ஓடிக்கொண்டும் இருந்து, மனசுக்குள் பயமும் இருப்பவர்களுக்குத்தான் இந்த வகுப்பு மிகவும் பொருந்தும். 6,500 ரூபாய் எனக்கு அதிகமாகத் தோன்றவில்லை.

தை முகூர்த்தத்துக்கு ஆர்டர் குவிந்த ஒரு மத்தியானம், கவுன்ட்டர் பெண் என்னைக் கூப்பிட்டாள். “அக்கா, செவப்புல என்னமோ வருது.” திரையில் இருந்தது: ‘பெரம்பூர் பார்ட்டி, 350 பத்திரிகை: ஆர்டர் சேமிக்கவில்லை. ஃபைல் வேறு இடத்தில் திறந்திருக்கிறது. எக்செல்லை மூடிவிட்டு மறுபடி அழுத்தவும்.’ நான் எழுந்து போவதற்குள் அவளே உள்ளறைக்குப் போய் எக்செல்லை மூடிவிட்டு வந்து அழுத்தினாள். பச்சை வந்தது. பார்ட்டி அட்வான்ஸ் ரசீதை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த பேட்ச் சேருவதென்றால் சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு மேல் நேரில் போங்கள், சார் இருப்பார். உங்கள் புரோகிராமையும், அது எழுதும் நிஜமான ஃபைலின் ஒரு நகலையும் எடுத்துப் போங்கள். வீட்டில் மிகச் சின்ன பழைய பென் டிரைவ் ஒன்று இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆறாவது ஞாயிறு நிரப்பிப் பார்க்க உதவும்.